வீட்டுக்கு வந்த பழைய படங்கள்



தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய நாள்களை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாயைச் சுருட்டிக்கொண்டு போய் இடம் பிடித்தோம். மறுநாள் படச்சுருள் வேறு தோட்டத்துக்குப் போய்விடும். தவறவிட்டவர்களுக்குப் பார்த்தவர்கள் சொல்லும் கதைதான் மிச்சம். பிறகு ஒளிநாடா வந்தது. அதன்பின் டிவிடி வட்டு வந்தது. பழைய படங்கள் வீட்டுக்கே வந்தன. அப்படி வந்து சேர்ந்த ஒரு நடிகையின் ஆரம்பகாலப் படங்களைப் பற்றி இன்று பார்ப்போம்.

அவர் பெயர் இங்கிரிட் பெர்க்மன். சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் 1915இல் பிறந்தவர். சின்னஞ்சிறு வயதில் தாயையும், 13 வயதில் தந்தையையும் இழந்தார். உலகம் அவரை 1942இல் வெளிவந்த 'காசாபிளாங்கா' படத்தின் மூலம் அறியும். மூன்று முறை ஆஸ்கார் விருது பெற்றவர். ஆனால் ஹாலிவுட்டில் காலூன்றுமுன் அவர் தாய்மொழியில் நடித்த படங்களைச் சுவீடனுக்கு வெளியே பார்த்தவர்கள் குறைவு.

1935 முதல் 1940 வரை வந்த அத்தகைய ஆறு படங்களைச் சேர்த்து, அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2018இல் ஒரு டிவிடி தொகுப்பாக வெளியிட்டது. 1935இல் வந்த ஒரு படத்தில் அவர் ஒரு விடுதிப் பணிப்பெண். 1936இல் வந்த 'இன்டர்மெஸ்ஸோ'வில் மணமான வயலின் கலைஞரைக் காதலிக்கும் பியானோ ஆசிரியை. இந்தப் படமே அவரை ஹாலிவுட் தயாரிப்பாளர் செல்ஸ்னிக்கிடம் கொண்டுசேர்த்தது. 1939இல் அதே கதை ஆங்கிலத்தில் எடுக்கப்பட்டபோது அதே பாத்திரத்தில் நடித்தார். பெயரை மாற்றவேண்டும், புருவத்தைத் திருத்தவேண்டும் என்றெல்லாம் செல்ஸ்னிக் சொன்னதற்கு அவர் இணங்கவில்லை.

1938இல் வந்த 'ஒரு பெண்ணின் முகம்' என்னும் படம் நம் மனத்தைத் தொடும். சிறுவயதில் நெருப்பில் முகம் கருகிய பெண், உலகத்தின்மேல் வெறுப்புக்கொண்டு பிறரை மிரட்டிப் பணம் பறிக்கிறாள். அறுவைச் சிகிச்சையால் முகம் சீராகிறது. மனமும் சீராகுமா என்பதே கதை. அழகுக்குப் பெயர்போன நடிகை, தழும்பேறிய முகத்துடன் தோன்றத் தயங்கவில்லை. புகழ் வருமுன்னரே அவரிடம் இருந்த துணிவை இப்படம் காட்டுகிறது.

இவை நம் காலம்வரை தப்பியதே பெரிய காரியம். அக்காலப் படச்சுருள்கள் நைட்ரேட் என்னும் பொருளால் ஆனவை. எளிதில் தீப்பற்றும்; தீப்பற்றாவிட்டாலும் நாளடைவில் சிதைந்துபோகும். 1941இல் ஸ்டாக்ஹோமில் ஏற்பட்ட தீயில் பழைய சுவீடிஷ் படங்கள் பலவற்றின் மூலச்சுருள்கள் அழிந்தன. எஞ்சியவற்றை எளிதில் தீப்பற்றாத சுருளுக்கு மாற்றிப் பாதுகாத்தார்கள். அவ்வாறு காத்ததால்தான் அவை பிற்காலத்தில் வட்டில் ஏற முடிந்தது.

நேயர்களே, இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. பெர்க்மனின் தந்தை புகைப்படக் கடை வைத்திருந்தவர். மகளின் குழந்தைப் பருவத்தைப் படச்சுருளில் பிடித்துவைத்தார். நம் வீட்டிலும் அக்காள் கல்யாணமும் தாத்தாவின் முகமும் பதிந்த ஒளிநாடா அலமாரியில் கிடக்கலாம். நம் நாட்டு ஈரக்காற்றில் நாடாவில் பூசணம் பிடித்துவிடும். அதை ஓட்டும் இயந்திரத்தைக் கடைசியாகத் தயாரித்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டது. பழைய இயந்திரங்கள் ஓடும்போதே ஒரு படி எடுத்துவிடுங்கள். எடுத்ததை இரண்டு இடங்களில் வையுங்கள்.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்டன, லயங்களும் இடிக்கப்பட்டுவிட்டன. அங்கே வாழ்ந்தவர்களின் முகங்களையாவது நாம் இழக்கவேண்டாம்.