கருமேனிக் கண்ணனும் கண்ணாடி முன் நிற்கும் பேத்தியும்

கோகுலாஷ்டமி வந்துவிட்டால் வீடுகள் கோகுலமாகிவிடும். வாசலிலிருந்து பூஜை அறை வரை அரிசி மாவினால் சின்னஞ்சிறு பாதங்கள் பதியும். தட்டுகளில் சீடையும் முறுக்கும் அவலும் வெண்ணெயும் நிறையும். பள்ளிகளிலும் குடியிருப்புகளிலும் குழந்தைகளுக்குக் கண்ணன், ராதை வேடமிட்டு மகிழ்வார்கள்.

அத்தகைய விழாக்களில் பலமுறை காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. வேடங்களைப் பங்கிடும் வேளையில், நல்ல சிவந்த நிறமுள்ள குழந்தையைத் தேடிப் பிடித்துக் கண்ணனாக்குவார்கள். நிறம் குறைந்த குழந்தைக்குக் கம்சன் வேடமோ பூதனை வேடமோ கிடைக்கும். பிறகு, கண்ணனாகத் தேர்ந்தெடுத்த அந்தச் சிவந்த குழந்தையின் கன்னத்தில் நீலச் சாயத்தைக் குழைத்துப் பூசுவார்கள். இதிலுள்ள முரண் பெரியவர்கள் கண்ணில் படுவதில்லை. ஓரமாக நிற்கும் கறுத்த குழந்தையின் கண்ணில் மட்டும் அது பட்டுவிடுகிறது.

‘கிருஷ்ண’ என்ற சொல்லுக்கே கறுப்பு என்பதுதான் பொருள். கறுப்பன் என்று பெயர் கொண்ட கடவுளின் வேடத்துக்குக் கறுத்த குழந்தை பொருந்தாது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? சாத்திரம் அதைச் சொல்லவில்லை, கோயிலும் சொல்லவில்லை. வேறு ஏதோ ஒன்று சொல்லியிருக்கிறது. அது எது என்பதை அறிந்துகொண்டால், கண்ணாடியின் முன் நெடுநேரம் நின்று கவலைப்படும் பேத்தியின் மனமும் ஓரளவு விளங்கும்.

கருமையைப் போற்றிய மரபு

தமிழின் மிகப் பழைய இலக்கண நூலாகிய தொல்காப்பியம் முல்லை நிலத்துக்குரிய தெய்வமாக மாயோனைச் சொல்கிறது. மாயோன் என்றால் கரியவன். திருமால் என்னும் பெயரில் உள்ள ‘மால்’ என்ற சொல்லும் கருமையைக் குறிப்பதே. இராமபிரானின் மேனி நிறத்தைச் சொல்ல வந்த கம்பர் மழைமுகிலையும் கடலையும் துணைக்கு அழைக்கிறார். கார்வண்ணன், கரியமாணிக்கம், சியாமளா என்று பிள்ளைகளுக்குப் பெயர் சூட்டி, அந்தப் பெயரை நாள்தோறும் வாய்நிறைய அழைத்து வாழ்ந்தவர்கள் நம் முன்னோர்.

மகாபாரதத்தை எடுத்துக்கொண்டால் வியப்பு இன்னும் மிகும். அதை இயற்றிய வியாசரின் இயற்பெயர் கிருஷ்ண த்வைபாயனர். கரிய நிறத்தோடு தீவில் பிறந்தவர் என்பது பொருள். பாண்டவரை வழிநடத்தியவன் கிருஷ்ணன். வேள்வித் தீயிலிருந்து எழுந்த திரௌபதிக்கும் கிருஷ்ணை என்றே பெயர். தன் காலத்து அழகியர் அனைவரிலும் சிறந்தவளாக இதிகாசம் போற்றும் அந்த நாயகி கருநிறத்தவள். அருச்சுனனுக்கும் கிருஷ்ணன் என்றொரு பெயர் உண்டு. கதையைச் சொன்னவர், நடத்தியவன், அதன் நாயகி, வில்லேந்திய வீரன் ஆகிய நால்வருக்கும் கருமையே பெயராக அமைந்திருக்கிறது.

கோயிலுக்குச் சென்றால் கருவறையில் எழுந்தருளியிருக்கும் மூலவர் பெரும்பாலும் கருங்கல் திருமேனியே. தலைமுறை தலைமுறையாகத் தைலமும் பாலும் ஏற்று, விளக்கொளியில் பளபளக்கும் கருமை அது. மதுரைக்கு அருகே அழகர் கோயிலில் இறைவனின் பெயரே அழகர். அவர் வாசலைக் காத்து நிற்பவர் பதினெட்டாம்படிக் கருப்பசாமி. அழகும் கருமையும் அங்கே ஒரே வாசலில் குடியிருக்கின்றன.

படம் வந்தது, பார்வை மாறியது

அக்காலத்துக் குழந்தை தெய்வத்தைக் கோயிலில் கண்டது. கதையைப் பாட்டியின் மடியில் கேட்டது. கதையில் வரும் கண்ணனுக்கு மனத்துக்குள் தானே உருவம் வரைந்துகொண்டது. அச்சுப் படங்கள் வந்தபோது அந்த வேலையைப் படம் எடுத்துக்கொண்டது.

ராஜா ரவிவர்மா 1894-இல் பம்பாயில் கல்லச்சுக் கூடம் ஒன்றை நிறுவினார். கோயிலுக்குச் செல்ல இயலாதவர் வீட்டுச் சுவரிலும் இலக்குமியும் சரசுவதியும் எழுந்தருளினார்கள். அது பெரும் தொண்டு என்பதில் ஐயமில்லை. கோவில்பட்டி கொண்டையராஜு போன்ற ஓவியர்களின் கைவண்ணமும் சிவகாசி அச்சகங்களின் நாட்காட்டிகளும் தமிழ்நாட்டு வீடுகள்தோறும் தெய்வத் திருவுருவங்களைக் கொண்டு சேர்த்தன. இன்றைய தாத்தா பாட்டிகள் கண்மூடித் தியானிக்கும்போது மனத்தில் தோன்றும் முருகனின் முகம் பெரும்பாலும் அந்த நாட்காட்டி முகமே. ஊடகத்தின் வசப்பட்டவர்கள் இக்காலப் பிள்ளைகள் மட்டுமல்லர் என்பதை நினைவில் வைப்பது நல்லது.

1967-இல் அனந்த் பை தொடங்கிய அமர் சித்திரக் கதை வரிசையும் அத்தகையதே. அயல்நாட்டுக் கதைகளை அறிந்த பிள்ளைகள் சொந்த நாட்டுக் கதைகளை அறியவில்லையே என்ற கவலையில் பிறந்தது அது. புராணத்தைப் படக்கதையாக இலட்சக்கணக்கான பிள்ளைகளிடம் அது சேர்த்தது. ஆயினும் அந்த ஓவியங்களில் நாயகரும் நாயகியரும் பல இடங்களில் வெளிர்நிறத்திலும், அசுரர்கள் கரிய நிறத்திலும் காட்டப்பட்டதைப் பின்னாளில் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். 1987 ஜனவரி 25 அன்று தூர்தர்ஷனில் இராமானந்த சாகரின் இராமாயணம் தொடங்கியது. ஞாயிறு காலைகளில் தொலைக்காட்சிப் பெட்டிக்கே மாலையிட்டு வணங்கியவர்கள் உண்டு. அங்கே வந்த இராமனிடம் கனிவு இருந்தது, கம்பீரம் இருந்தது. மழைமுகிலின் நிறம் மட்டும் இல்லை.

இவை எதுவும் தீய நோக்கத்தோடு செய்யப்பட்டவை அல்ல. ஆனாலும் குழந்தை மனம் கணக்கைத் தானே போட்டுக்கொள்கிறது. நல்லவர் வெளுப்பு, கெட்டவர் கறுப்பு என்று யாரும் சொல்லித் தரவில்லை. படங்கள் வரிசையாக வந்து அதைப் பதித்துவிட்டன.

விளம்பரம் எழுதிய விதி

தெய்வப் படங்கள் அறியாமல் செய்ததை விளம்பரங்கள் அறிந்தே செய்தன. 1975-இல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்னும் களிம்பு இந்தியச் சந்தைக்கு வந்தது. வெண்மையும் அழகும் இணைபிரியாதவை என்பதை அதன் பெயரே உரைத்தது. தொலைக்காட்சி வந்த பின் இத்தகைய களிம்புகளின் விளம்பரங்கள் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லின. கறுத்த பெண் தலைகுனிந்து நிற்பாள். வரனும் அமையாது, வேலையும் கிடைக்காது. சில வாரங்களில் நிறம் மாறும். உடனே எல்லாக் கதவுகளும் திறக்கும். 2005-இல் ஆண்களுக்கென்றே தனிக் களிம்பும் வந்துவிட்டது.

திரைப்படமும் தன் பங்கைச் செய்தது. தமிழ்த் திரையுலகம் ரஜினிகாந்த், விஜயகாந்த் போன்ற கருநிற நாயகர்களைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியது. ஆனால் அவர்களுக்கு இணையாக நிற்கும் நாயகியைத் தேடும்போது வடக்கேயிருந்து சிவந்த மேனியரை அழைத்து வருவதே வழக்கமாயிற்று. அதைப் பார்த்து வளர்ந்த கறுத்த பையனுக்கு, ‘நீயும் நாயகன் ஆகலாம்’ என்ற சொல் கிடைத்தது. அவனுடைய தங்கைக்கு அந்தச் சொல் கிடைக்கவில்லை.

மாற்றக் குரல்களும் எழாமல் இல்லை. சென்னையில் ‘விமன் ஆஃப் வொர்த்’ என்ற அமைப்பு 2009-இல் ‘கருமையும் அழகே’ என்று பொருள்படும் இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. நடிகை நந்திதா தாஸ் அதற்குத் துணை நின்றார். கறுத்த நிறத்தவரை அழகற்றவராகவோ மனம் சோர்ந்தவராகவோ காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றம் 2014-இல் நெறிமுறை வகுத்தது. 2017 டிசம்பரில் சென்னைக் கலைஞர்கள் இருவர், கருநிற மாதிரிகளைக் கொண்டு இலக்குமி, முருகன், பாலகிருஷ்ணன் முதலிய திருவுருவங்களைப் புகைப்படங்களாக வடித்தனர். 2020-இல் அந்தக் களிம்பின் பெயரிலிருந்தே வெண்மையைக் குறிக்கும் சொல் நீக்கப்பட்டது.

பெயர் மாறினாலும் ஆசை மாறிவிடவில்லை. இன்று அது கைப்பேசிக்குள் புகுந்துகொண்டது. படம் எடுத்த கணமே முகத்தை வெளுப்பாக்கி, மூக்கைக் கூராக்கி, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் வசதி அதில் உண்டு. பிறருடைய அழகோடு தன்னை ஒப்பிட்டு வருந்துவது பழைய தலைமுறையின் துன்பம். தன்னுடைய மாற்றப்பட்ட முகத்தோடு தன் உண்மை முகத்தை ஒப்பிட்டு வருந்துவது இன்றைய பேத்தியின் துன்பம். உறவினர் திருமணத்தில் குடும்பப் படம் எடுக்கும்போது ஏதோ காரணம் சொல்லி அவள் விலகிப்போனால், அதைத் திமிர் என்று எண்ணிவிடக் கூடாது.

உடலுக்கும் இதில் கேடு உண்டு. நிறம் மாற்றுவதாகச் சொல்லி விற்கப்படும் களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டும் பாதரசமும் கலந்திருப்பதாகத் தோல் மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். மருத்துவர் சொல்லாமல் ஸ்டீராய்டு களிம்பைத் தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், வெயில் பட்டால் எரியும், பருக்கள் பெருகும்.

வீட்டிலிருந்து வந்த சொல்

பழியனைத்தையும் தொலைக்காட்சியின் மேலும் கைப்பேசியின் மேலும் போட்டுவிடுவது எளிது. ஆயினும் விளம்பரம் தூவிய விதை முளைக்க, நிலம் வீட்டிலேயே பண்பட்டிருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

குழந்தை பிறந்த செய்தி வந்ததும், ஆணா பெண்ணா என்ற கேள்விக்கு அடுத்த கேள்வி, “நிறம் எப்படி?” என்பதாகவே இருக்கும். “களையான முகம்தான், கொஞ்சம் நிறம் கம்மி” என்ற சொல் அன்போடுதான் சொல்லப்படுகிறது. கருவுற்ற பெண்ணுக்குக் குங்குமப்பூ கலந்த பாலைக் கொடுப்பதும், மணமகள் தேவை விளம்பரத்தில் ‘நல்ல நிறம்’ என்று கேட்பதும் வீட்டுப் பெரியவர்களே. குங்குமப்பூவால் குழந்தையின் நிறம் மாறுவதில்லை. மெலனின் என்னும் நிறமியே தோலின் நிறத்தை முடிவு செய்கிறது. அதன் அளவு பெற்றோர் வழி வருவது. வெயில் மிகுந்த நாட்டில் பிறந்தவர்களின் உடலைக் காக்க இறைவன் அணிவித்த கவசம் என்றே அதைக் கொள்ளலாம்.

பாட்டி கேலியாகச் சொன்ன ஒரு சொல்லையும் விளம்பரம் காட்டிய ஒரு கதையையும் சிறுமி தன் மனத்தில் ஒன்றுசேர்த்துப் பார்க்கிறாள். இரண்டும் ஒத்துப்போனால் அதுவே உண்மை என்று நம்பிவிடுகிறாள். மாறாக, வீடு வேறொன்றைச் சொன்னால் விளம்பரத்தின் சொல் ஒற்றைச் சாட்சியாகிவிடும். பெரியவர்களின் கையில் இருக்கும் வலிமை இதுவே.

அதற்குக் கைப்பேசியைப் பிடுங்க வேண்டியதில்லை. சில சிறிய செயல்கள் போதும். அடுத்த கோகுலாஷ்டமிக்குக் கறுத்த குழந்தையின் தலையில் மயிற்பீலியைச் சூட்டலாம். நீலச் சாயம் தேவைப்படாது. திரௌபதியின் கதையைச் சொல்லும்போது அவளுடைய நிறத்தையும் மறவாமல் சொல்லலாம். பெண் பார்க்கும் பேச்சில் நிறத்தைப் பற்றிய கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு திருமஞ்சன நாளில் பேத்தியை அழைத்துக்கொண்டு கோயிலுக்குச் செல்லலாம். பட்டும் பொன்னும் களைந்து, பாலும் நீரும் வழிந்தோட, மூலவரின் கருங்கல் மேனி முழுமையாகத் தெரியும் அந்தக் கணத்தில் அவள் காண்பது தன் நிறத்தையே.

சிவந்த நிறத்தைப் பழிப்பதும் இதற்குத் தீர்வாகாது. பூரி க்ஷேத்திரத்தில் ஜகந்நாதர் கறுப்பு. அண்ணன் பலபத்திரர் வெளுப்பு. தங்கை சுபத்திரை மஞ்சள். மூவரும் ஒரே பீடத்தில் வீற்றிருந்து ஒரே நைவேத்தியத்தை ஏற்கிறார்கள். அவர்களுள் யார் அழகு என்று எந்த அடியவரும் கேட்டதில்லை.

பங்காரு காமாட்சி

தஞ்சை மேலவீதியில் பங்காரு காமாட்சி கோயில் கொண்டிருக்கிறாள். பங்காரு என்றால் தெலுங்கில் பொன். காஞ்சியிலிருந்து பல ஊர்களைக் கடந்து தஞ்சை வந்து சேர்ந்தவள் அந்த அன்னை. சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவரான சியாமா சாஸ்திரிகளின் குடும்பத்தார் அவளைப் பூஜித்து வந்தவர்கள். ‘சியாமா’ என்ற பெயருக்கும் கருமை என்பதே பொருள்.

அன்னையின் திருமேனி பொன்னால் ஆனது. ஆயினும் சந்நிதியில் நிற்பவருக்கு அவள் கரியவளாகவே காட்சி தருகிறாள். வழிவழியாகச் சாத்தப்படும் புனுகு அந்தப் பொன்னைக் கருமையாக்கியிருக்கிறது. உள்ளே பொன் இருக்கிறதே என்று யாரும் அந்தப் புனுகைத் துடைத்துவிட முற்படவில்லை. கரிய அந்தத் திருமுகத்தைப் பார்த்தே கண்ணீர் மல்கி, ‘அம்மா’ என்று அழைக்கிறார்கள்.

தஞ்சைக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டினால் பேத்தியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அந்தச் சந்நிதியில் அவளுக்கு அறிவுரை எதுவும் சொல்ல வேண்டாம். தீபாராதனையின் போது அவள் அன்னையின் முகத்தை நன்றாகப் பார்க்கும்படி சற்று முன்னே நிறுத்துங்கள், அது போதும்.