டாரா டோரஸ் விட்டுக்கொடுத்த கிலோமீட்டர்கள்

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குத் தயாரான நாட்களில், அமெரிக்க நீச்சல் வீராங்கனை டாரா டோரஸைச் சுற்றி ஒரு சின்ன அலுவலகம் அளவுக்கு ஆட்கள் இருந்தார்கள். தலைமைப் பயிற்சியாளர் மைக்கேல் லோபெர்க், விரைவு நீச்சலுக்குத் தனியாக ஒருவர், உடல் வலுவுக்கு ஒருவர், மசாஜுக்கு இருவர், முதுகெலும்பைச் சரிபார்க்க ஒருவர், கைகால்களை இழுத்து நீட்டிவிடுவதற்கென்றே இருவர். இரண்டு வயது மகளைப் பார்த்துக்கொண்ட ஆயாவையும் விட்டுவிடக் கூடாது. ஆண்டுச் செலவு சுமார் 1 லட்சம் டாலர் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. இவர்களில் பாதிப் பேருக்கு மேல் நீச்சல் குளத்தில் வேலையே இல்லை. நீந்திக் களைத்த உடம்பை அடுத்த பயிற்சிக்குள் தேற்றிக் கொடுப்பதே அவர்கள் பொறுப்பு.

அப்போது டோரஸுக்கு வயது 41.

1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 17 வயதில் தொடர் நீச்சலில் தங்கம் வென்றவர் அவர். இடையில் ஏழாண்டு குளத்தை விட்டு விலகியிருந்துவிட்டு, 2000 சிட்னியில் 33 வயதில் ஐந்து பதக்கங்களோடு திரும்பினார். மறுபடி விலகல். 2006இல் மகள் பிறந்த சில வாரங்களிலேயே மூத்தோர் போட்டியொன்றில் இறங்கியபோதுதான் பழைய ஆசை மீண்டும் தலைதூக்கியது.

இளமையில் வாரத்துக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் நீந்தியவருக்கு, இந்த முறை கிடைத்தது சுமார் 25 கிலோமீட்டர்தான். வாரத்தில் ஐந்து நாள் மட்டும் தண்ணீர். கைவைத்தது தூரத்தில், வேகமாக நீந்த வேண்டிய பகுதிகளை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

இதற்கு உடம்பிலேயே காரணம் இருக்கிறது. வயது ஏற ஏற, முதலில் மெலிவது விரைவாக இயங்கும் தசை நார்கள். வேகத்தை விட்டால் அவை இன்னும் சீக்கிரம் சுருங்கும். இருபதில் சாப்பிட்ட அதே அளவு புரதம் வயது கூடிய பிறகு அதே அளவு தசையைக் கட்டித் தருவதில்லை. ஆழ்ந்த உறக்கமும் குறைகிறது. தசைகளைப் பழுதுபார்க்கும் வேலைக்கு அந்த உறக்கம் முக்கியம். தோள்பட்டைக்குக் கூடுதல் சோதனை. அங்குள்ள தசைநாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு, தேய்ந்தால் ஆற நாளாகும். ஒவ்வொரு வீச்சிலும் கை தலைக்கு மேல் போய் வரும் விளையாட்டு இது. தூரத்தைக் குறைத்தாலே தோளுக்குப் பாதி வைத்தியம் ஆகிவிடுகிறது.

குளத்துக்கு வரும் நடுத்தர வயதுக்காரர்கள் பலர் இதற்கு நேரெதிராகச் செய்கிறார்கள். தினமும் அதே சுற்றுகள், அதே நிதான வேகம், ஒரு நாள் தவறினால் குற்ற உணர்ச்சி. வேகம் கூடுகிற அளவுக்கு ஒரு நாளும் உழைப்பதில்லை, களைப்பு தீருகிற அளவுக்கு ஒரு நாளும் ஓய்வதில்லை. ஒலிம்பிக் பரிவாரமெல்லாம் யாருக்கும் வாய்க்காது. ஆனால் காலையில் படுக்கையிலேயே நாடியை எண்ணிப் பார்க்கக் காசு செலவில்லை. வழக்கத்தைவிடத் துடிப்பு கூடுதலாக இருந்தால் அன்று கடும் பயிற்சி வேண்டாம். இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாமல் தோள் வலித்தால், தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வயது ஏறினாலும் போட்டி முடிந்துவிடுவதில்லை. 25 வயதைத் தாண்டியவர்களுக்கான மாஸ்டர்ஸ் போட்டிகளில் ஐந்தைந்து வயதாகப் பிரித்துத்தான் மோதவிடுகிறார்கள். ஜப்பானின் மியெகோ நாகவோகா 80 வயதைக் கடந்த பிறகு, முழங்கால் வலிக்கு மருந்தாக நீச்சலுக்கு வந்தவர். 2015இல் தம் 100ஆவது வயதில் 1,500 மீட்டரை மல்லாந்து நீந்தியே முடித்தார். ஆன நேரம் 1 மணி 15 நிமிடம் 54 விநாடி.

பெய்ஜிங்கில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதிப் போட்டியை டோரஸ் 24.07 விநாடியில் முடித்தார். தங்கம் வென்ற ஜெர்மனியின் பிரிட்டா ஸ்டெஃபன் முந்தியது 0.01 விநாடியில். எல்லோரும் பேசுவது இந்த இழப்பைத்தான். அதே நாள் நடந்த இன்னொன்றுதான் வியப்பு. பதக்கம் வாங்கிய கையோடு மெட்லி தொடர் நீச்சலின் கடைசி 100 மீட்டருக்குக் குதித்து, அதை 52.27 விநாடியில் நீந்தினார். அதிலும் வெள்ளி.

பிறகு முழங்காலில் பெரிய அறுவைச் சிகிச்சை. அதையும் தாண்டி, 2012இல் 45 வயதில் அமெரிக்கத் தகுதிப் போட்டிக்கு வந்தார். ஒலிம்பிக் அணியில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலுக்கு முதல் இருவருக்கே இடம். 0.09 விநாடியில் இரண்டாம் இடத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தவர், அத்தோடு ஓய்வு பெற்றார்.