ரெட் ஸ்பெஷல் (மின்கிட்டார்)

ரெட் ஸ்பெஷல் என்பது இங்கிலாந்தின் குயீன் ராக் இசைக்குழுவைச் சேர்ந்த பிரையன் மே, தன் பதின்ம வயதில் தந்தை ஹரால்ட் மேயுடன் சேர்ந்து வீட்டிலேயே செய்த மின்கிட்டார் ஆகும். 1963 ஆகஸ்டில் வேலை தொடங்கியது; முடிய ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. மொத்தச் செலவு சுமார் 8 பவுண்டு எனக் கூறப்படுகிறது. குயீன் குழுவின் இசைத்தட்டுகளில் கேட்கும் கிட்டார் ஒலியில் பெரும்பகுதி இந்த ஒரே கருவியிலிருந்து வந்தது. ராக் இசையில் புகழ்பெற்ற கிட்டார்கள் பல உண்டு. அவற்றில் பெரும்பாலானவை தொழிற்சாலையில் செய்யப்பட்டுக் கடையில் வாங்கப்பட்டவை. வாசிப்பவரே மரம் அறுத்துச் செய்த கருவி அரை நூற்றாண்டுக்கு மேல் மேடையில் நிலைத்திருப்பது அரிது.

பின்னணி

பிரையன் மே 1947 ஜூலை 19 அன்று பிறந்தார். லண்டனுக்கு மேற்கே உள்ள ஃபெல்தம் பகுதியில் வளர்ந்தார். தந்தை ஹரால்ட், அரசின் விமானத்துறை அமைச்சகத்தில் மின்னணுவியல் வரைவாளராகப் பணியாற்றியவர். வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியையே தாமாகச் செய்தவர். தந்தையும் மகனும் சேர்ந்து ஒரு தொலைநோக்கியும் செய்திருந்தார்கள். மகனுக்கு முதன்முதலில் நரம்பிசையைச் சொல்லிக் கொடுத்தவரும் அவரே. ஹரால்ட் யுகுலேலி-பாஞ்சோ வாசிப்பார். அதில் கற்ற விரல் பிடிகளைச் சிறுவன் பிறகு கிட்டாருக்கு மாற்றிக்கொண்டான்.

ஏழாவது பிறந்தநாளுக்குக் கிடைத்த சாதாரண மரக் கிட்டார்தான் பிரையனின் முதல் கருவி. அக்காலத்தில் ஷேடோஸ் குழுவின் ஹேங்க் மார்வின் வாசித்த அமெரிக்க ஃபெண்டர் கிட்டார் இங்கிலாந்துச் சிறுவர்கள் எல்லாருடைய கனவாக இருந்தது. அதன் விலை ஓர் அரசு ஊழியரின் குடும்பத்துக்கு எட்டாத ஒன்று. வாங்க முடியாது என்பதால் செய்வது என்று முடிவாயிற்று. ஆனால் கடைக் கிட்டாரை அப்படியே நகலெடுப்பது நோக்கமாக இருக்கவில்லை. எந்தக் குறையை எப்படி நீக்கலாம் என்று முதலில் காகிதத்தில் வரைந்து, பிறகே மரத்தில் கை வைத்தார்கள். வீட்டில் கருவி செய்ய முனைகிறவர்கள் பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து பாதியில் நிறுத்திவிடுவது உண்டு.

கழுத்து

கழுத்துக்கான மகோகனி மரம், குடும்ப நண்பர் ஒருவர் எறிய இருந்த பழைய கணப்படுப்பின் மேற்பலகையிலிருந்து வந்தது. நூறாண்டு பழமையான மரம் என்று சொல்லப்படுகிறது. அதில் செல்லரித்த துளைகள் இருந்தன. அவற்றுக்குள் தீக்குச்சிகளைச் செருகி அடைத்தார்கள். பழைய மரம் என்பது வறுமையால் வந்த சமரசம் மட்டுமல்ல. ஈரம் முழுக்க வற்றிய மரம் மேலும் சுருங்காது, எளிதில் முறுக்கிக்கொள்ளாது. புதிதாக அறுத்த பலகையில் செய்த கழுத்து ஓராண்டில் வளைந்துவிடக்கூடும்.

கிட்டார் கழுத்தின் மீது எப்போதும் பளு உண்டு. மெல்லிய எஃகுக் கம்பிகள் ஆறையும் சுருதிக்கு இழுத்துக் கட்டினால் அவற்றின் மொத்த இழுவிசை ஏறக்குறைய 35 கிலோ எடைக்குச் சமம். ஒரு பள்ளிச் சிறுவன் கழுத்தைப் பிடித்துத் தொங்குவது போன்றது இது. இதைத் தாங்கவே கழுத்தின் உள்ளே ஓர் எஃகுக் கம்பி பொருத்தப்பட்டது. கழுத்தைக் கையாலேயே செதுக்கி உருவாக்கினார்கள். அது வழக்கமான கிட்டார்களைவிட மிகத் தடிமனாக அமைந்தது. பிற கலைஞர்கள் பிடித்தால் சற்றுத் திணறுவார்கள்.

விரல் வைக்கும் பலகை ஓக் மரத்தால் ஆனது. அதற்குக் கருநிறம் ஏற்றப்பட்டது. அதன் மேல் 24 ஃப்ரெட்டுகள். வீணையில் மெட்டு எனப்படுவதே இங்கு ஃப்ரெட். வீணையிலும் எண்ணிக்கை 24தான். ஆனால் வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிக்கப்படுவதால் இளக்கி நகர்த்திச் செவியால் சரிபார்க்க முடியும். கிட்டாரில் மரத்தை அறுத்துப் பள்ளத்தில் இறக்கிவிட்டால் மாற்ற வழியில்லை. எனவே கணக்கு முதலிலேயே சரியாக இருக்க வேண்டும்.

அந்தக் கணக்கு வருமாறு. மேற்கத்திய முறையில் ஒரு எட்டம் சமமான 12 அரைச் சுரங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு படிக்கும் அதிர்வெண், 2இன் பன்னிரண்டாம் படிமூலத்தால் பெருகும். இதை நீளத்துக்கு மாற்றினால், மீதமுள்ள கம்பி நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817ஆல் வகுக்க வேண்டும். ரெட் ஸ்பெஷலில் கம்பியின் அதிரும் நீளம் 24 அங்குலம், அதாவது 609.6 மி.மீ. முதல் ஃப்ரெட் 34.2 மி.மீ. தொலைவில் வரும். மீதி 575.4 மி.மீ.; அதை மீண்டும் வகுத்தால் அடுத்த இடைவெளி 32.3 மி.மீ. இப்படியே போனால் 12ஆவது ஃப்ரெட் சரிபாதியில், 304.8 மி.மீ.இல் விழும், 24ஆவது முக்கால் தொலைவில், 457.2 மி.மீ.இல் விழும். கணக்குச் சரியா என்று பார்க்க இவ்விரண்டு இடங்களே போதும். 24ஆவது ஃப்ரெட் ஒரு மி.மீ. தவறினாலும் அரைச் சுரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருதி விலகும். பயிற்சியுள்ள காது அதைப் பிடித்துவிடும்.

கழுத்தின் உச்சியில் கம்பிகள் தொடங்கும் இடத்தில் கூடுதலாக ஒரு பூச்சிய ஃப்ரெட்டும் வைக்கப்பட்டது. திறந்த கம்பியும் அழுத்திய கம்பியும் ஒரே உலோகத்தின் மேல் நின்று ஒலிப்பதால் ஒலியின் தன்மை மாறுவதில்லை. விரலுக்கு இடம் காட்டும் வெண்புள்ளிகள், தாயின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்களைத் தேய்த்துச் செய்தவை.

உடல்

உடலின் நடுப்பகுதி ஒரு பழைய ஓக் மேசையிலிருந்து எடுத்த மரம். பக்கங்கள் பிளாக்போர்டு. மேலும் கீழும் மகோகனி வெனீர் ஒட்டி, ஓரங்களில் அலமாரி விளிம்புக்கு ஒட்டும் வெள்ளை பிளாஸ்டிக் பட்டையைச் சுற்றி, மெருகு பூசினார்கள். பார்ப்பவருக்கு ஒரே மரக்கட்டை போலத் தெரியும். செந்நிற மகோகனியால்தான் இப்பெயர் வந்தது.

உள்ளே சில அறைகள் குடைந்து விடப்பட்டன. இதற்கு ஒரு காரணம் உண்டு. ஒலிபெருக்கியின் முன் மின்கிட்டாருடன் நின்றால், வெளிவரும் ஒலி உடலையும் கம்பியையும் மறுபடி அதிரச் செய்யும். அந்த அதிர்வு மீண்டும் ஒலிபெருக்கிக்குச் செல்லும். இதுவே பின்னூட்டம். பலர் இதைத் தொல்லை என்று தவிர்த்த காலத்தில், பிரையன் இதை இசையாகப் பயன்படுத்த விரும்பினார். முழுக் கட்டையான உடல் போதிய அளவு அதிராது. முழுக்க உள்ளீடற்ற உடலோ கட்டுக்கடங்காமல் அலறும். பாதி உள்ளீடான இந்த அமைப்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நீண்ட சுரம் ஒன்று தேயாமல் வளர்ந்துகொண்டே போவதைக் குயீன் பாடல்களில் கேட்கலாம்.

சுருதி நெம்புகோல்

இக்கருவியின் மிக நுட்பமான பகுதி இதுவே. கம்பிகளின் இழுவிசையை நொடிப்பொழுது குறைத்தோ கூட்டியோ சுருதியை அசைக்கும் கைப்பிடியை மின்கிட்டார்களில் காணலாம். அன்றைய கருவிகளில் அதைப் பயன்படுத்தியபின் கம்பிகள் பழைய சுருதிக்குத் திரும்ப மறுத்தன. காரணம் உராய்வு. கம்பி எங்கெல்லாம் ஓர் உலோக விளிம்பில் தேய்கிறதோ அங்கெல்லாம் சிறிது மாட்டிக்கொள்ளும். தந்தையும் மகனும் உராய்வு உள்ள இடங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் போக்கினார்கள்.

முதலில் நெம்புகோல் திரும்பும் அச்சு. கடினப்படுத்திய எஃகுக் கத்தியின் விளிம்பை அதற்குப் பயன்படுத்தினார்கள். பள்ளி ஆய்வகத்து இயற்பியல் தராசை நினைத்துக்கொள்ளலாம். அதன் தண்டும் இப்படி ஒரு கத்தி விளிம்பின் மீதுதான் அமர்ந்திருக்கும். மில்லிகிராம் வேறுபாட்டுக்கும் அசைந்து பழைய நிலைக்கு வரும். அடுத்து, கம்பிகளின் இழுப்பை எதிர்த்து நிற்க இரண்டு சுருள்வில்கள் தேவைப்பட்டன. அவை 1928ஆம் ஆண்டுப் பேந்தர் மோட்டார் சைக்கிள் ஒன்றின் எஞ்சின் வால்வு ஸ்பிரிங்குகள். கம்பிகள் ஒரு பக்கம் இழுக்க, ஸ்பிரிங்குகள் மறுபக்கம் தாங்க, கத்தி விளிம்பு நடுவில் சமநிலையில் நிற்கிறது. மூன்றாவதாக, பாலத்தில் கம்பிக்கு ஒன்றாகச் சிறு உருளைகள். கம்பி நகரும்போது தேயாமல் உருளையைச் சுழற்றிக்கொண்டு போகும். மேல் முனையிலும் கம்பிகள் பக்கவாட்டில் வளையாமல் நேராகத் திருகாணிக்குச் செல்லும்படி தலைப்பகுதி வடிவமைக்கப்பட்டது.

கையில் பிடிக்கும் தண்டு, சைக்கிள் இருக்கையின் பின்னால் பை மாட்டும் கம்பியிலிருந்து வெட்டியது. அதன் நுனிக் குமிழ், தாயின் பின்னல் ஊசி முனை. இந்தச் செய்திகளே பத்திரிகைகளில் அதிகம் பேசப்படுகின்றன. வீட்டுக் குப்பையில் கிட்டார் செய்தார்கள் என்பது கேட்கச் சுவையானது. ஆனால் குப்பை யார் வீட்டிலும் உண்டு. உராய்வைப் பற்றிய அந்த யோசனைதான் எங்கும் கிடைக்காதது.

ஒலி உணரிகள்

பிக்கப் எனப்படும் ஒலி உணரி, ஒரு காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும் கொண்டது. எஃகு நரம்பு அதன்மேல் அதிரும்போது காந்தப்புலம் மாறும். சுருளில் மின்னோட்டம் பிறக்கும். பள்ளிப் பாடத்தில் வரும் ஃபாரடேயின் மின்காந்தத் தூண்டல் விதியே இது. பிரையன் கடையில் வாங்கிய சிறு காந்தங்களைக் கொண்டு தாமே சுருள் சுற்றினார். அவற்றை முதலில் தன் பழைய மரக் கிட்டாரில் பொருத்திச் சோதித்துப் பார்த்தார்.

நன்றாகவே ஒலித்தன, ஒரு குறை தவிர. விரலால் கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுரத்தை உயர்த்தும்போது ஓர் இரைச்சல் எழுந்தது. காந்தங்கள் வடக்கு, தெற்கு என மாற்றி மாற்றி வைக்கப்பட்டிருந்ததால், கம்பி ஒரு துருவத்திலிருந்து அடுத்ததற்குக் கடக்கும் இடத்தில் இந்தச் சிக்கல். பிற்காலத்தில் கம்பியை வளைத்து வாசிப்பதே பிரையனின் அடையாளம் ஆயிற்று. அதற்கு இடமில்லாத கருவியால் பயனில்லை. எனவே பர்ன்ஸ் நிறுவனத்தின் டிரை-சோனிக் வகை உணரிகள் மூன்றை விலைக்கு வாங்கினார். அவற்றிலும் ஒரு திருத்தம் செய்தார். சுருளின் இழைகள் தளர்ந்திருந்தால் அவையே ஒலிவாங்கிபோல அதிர்ந்து கீச்சிடும். அரால்டைட் பசையை ஊற்றி இழைகளை இறுக்கினார். உடலின் அதிர்வு வேண்டும், சுருளின் அதிர்வு வேண்டாம் என்பது இதன் பொருள்.

மின்னிணைப்பும் தனி வகை. மூன்று உணரிகளும் தொடரிணைப்பில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுவிட்சுகள்: ஒன்று இயக்க அல்லது நிறுத்த, மற்றொன்று மின்னோட்டத்தின் திசையைத் திருப்ப. திசை ஒத்திருந்தால் ஒலிகள் கூடும். ஒன்று எதிர்த்திசையில் இருந்தால் அடிச்சுரம் பெரும்பாலும் கழிந்து, மேற்சுரங்கள் மட்டும் மெலிந்து கூர்மையாக எஞ்சும். ஒற்றை உணரியாக 3, இரண்டிரண்டாக 6, மூன்றும் சேர்ந்து 4 என மொத்தம் 13 வகை ஒலிகள் கிடைக்கின்றன. அக்காலக் கடைக் கிட்டார்களில் பொதுவாக ஒரு நெம்புவிசையால் மூன்று வகைகளே கிடைத்தன. ஒலியளவுக்கு ஒன்று, ஒலித்தன்மைக்கு ஒன்று என இரண்டு திருகுகளே இதில் உள்ளன.

பயன்பாடு

1970இல் குயீன் குழு உருவான காலம் முதல் இக்கருவி அதன் இசையில் உள்ளது. பிரையன் இதை வாக்ஸ் ஏசி30 ஒலிபெருக்கிகளுடன், பிளாஸ்டிக் மீட்டுகோலுக்குப் பதில் பழைய ஆறு பென்ஸ் நாணயத்தால் வாசிக்கிறார். நாணயத்தின் வரிவிளிம்பு கம்பியில் உரசி ஒரு தனிச் சொரசொரப்பைத் தருகிறது. ஒரே கிட்டாரைப் பலமுறை ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிப்பதிவு செய்து, வாத்தியக் குழுபோல் கேட்கச் செய்வது இவர் வழக்கம். 1980க்கு முன் வந்த குயீன் இசைத்தட்டுகளில் சிந்தசைசர் பயன்படுத்தப்படவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1985 ஜூலை 13 அன்று வெம்ப்ளியில் நடந்த லைவ் எய்ட் நிகழ்ச்சியிலும், 2002 ஜூன் 3 அன்று பக்கிங்காம் அரண்மனையின் கூரைமேல் நின்று நாட்டுப்பண் இசைத்தபோதும் கையில் இருந்தது இதுவே.

தந்தையின் மனத்தாங்கல்

கிட்டாரைச் செய்து கொடுத்த தந்தைக்கு மகன் அதையே தொழிலாகக் கொள்வதில் உடன்பாடு இல்லை. பிரையன் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியலும் கணிதமும் படித்துப் பட்டம் பெற்று, கோள்களிடைத் தூசு பற்றிய முனைவர் பட்ட ஆய்வில் இருந்தார். இசைக்காக 1970களின் தொடக்கத்தில் அதைக் கைவிட்டார். சேமித்துச் சேமித்துப் படிக்க வைத்த ஹரால்டுக்கு இது பெரிய அடி. இருவருக்கும் பேச்சு நின்றுபோன காலமும் உண்டு. குழு நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் வாசித்தபோது பிரையன் பெற்றோரை அங்கே வரவழைத்தார். நிறைந்த அரங்கைக் கண்ட பிறகு தந்தை சமாதானமானார். ஹரால்ட் 1988இல் காலமானார். விட்ட ஆய்வை மகன் மீண்டும் எடுத்து முனைவர் பட்டம் பெற்றது 2007இல். அதைப் பார்க்க அவர் இல்லை.

பழுதுபார்ப்பும் நகல்களும்

பல்லாண்டு பயணத்தில் வெனீரும் ஓரங்களும் தேய்ந்த நிலையில், 1998இல் ஆஸ்திரேலியக் கிட்டார் கைவினைஞர் கிரெக் ஃப்ரையர் இதைச் சீர்செய்தார். அவர் அளவெடுத்துச் செய்த மூன்று நகல்களும் உள்ளன. 1980களில் அமெரிக்க கில்ட் நிறுவனம் நகல்களை விற்றது; இப்போது பிரையனின் சொந்த நிறுவனமும் விற்கிறது. விலை குறைந்த தொழிற்சாலை நகல்களில் செந்நிறமும் வடிவமும் சுவிட்சுகளும் அப்படியே இருக்கும். கத்தி விளிம்பும் மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங்கும் இருக்காது. அவ்விடத்தில் சந்தையில் கிடைக்கும் வழக்கமான நெம்புகோலே பொருத்தப்படுகிறது.