கேபினெட்டைத் தொட்டால் 'சுர்' என்கிறதா?

கம்ப்யூட்டர் கேபினெட்டின் பின்புறம் கை பட்டதும் லேசாக ஷாக் அடிக்கிறது என்று புதிதாக வாங்கியவர்கள் பலர் சொல்வதுண்டு. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் சாக்கெட்டில் எர்த் இல்லாததுதான் காரணம்.

எஸ்எம்பிஎஸ்-க்குள் மின் இரைச்சலை வடிகட்டும் சிறிய கெப்பாசிட்டர்கள் உள்ளன. இவை வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்சாரம், கேபினெட்டிலிருந்து எர்த் வயரில் இறங்கித் தரைக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி கேபினெட்டிலேயே நிற்கும். அதுதான் 'சுர்'. நாளை உள்ளே பேஸ் வயர் நைந்து உலோகத்தில் பட்டால், முழு 230 வோல்ட்டும் கேபினெட்டுக்கு வரும். நல்ல எர்த் இருந்தால் ப்யூஸ் போகும். இல்லையென்றால் தொட்டவர் உயிருக்கே ஆபத்து.

பிளக் மாட்டும்போது

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வயரில் பழுப்பு நிறம் பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். பிளக்கைத் திறந்தால் எல், என், இ என்ற எழுத்துகள் தெரியும். பழுப்பை எல்-லிலும், நீலத்தை என்-னிலும், பச்சை-மஞ்சளைப் பெரிய பின்னான இ-யிலும் இறுக்குங்கள். எர்த் வயரைச் சற்று நீளமாக விடுங்கள். வயர் இழுபட்டாலும் அது கடைசியாகத்தான் கழலும்.

சாக்கெட்டில் கவனிக்க

எதிரே நின்று பார்த்தால் மேலே எர்த், வலதுபுறம் பேஸ், இடதுபுறம் நியூட்ரல். சுவிட்ச் போட்டு டெஸ்டர் வைத்தால் வலது துளையில் மட்டுமே எரிய வேண்டும். இடதில் எரிந்தால் வயர்கள் இடம் மாறியுள்ளன. அப்படியானால், சுவிட்சை அணைத்த பிறகும் கம்ப்யூட்டருக்குள் பேஸ் இருக்கலாம். எர்த் சரியா என்பதை டெஸ்டர் சொல்லாது. எலக்ட்ரீஷியனை அழைத்து, பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே டெஸ்ட் லேம்ப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பல்பு பிரகாசமாக எரிய வேண்டும். ஆர்சிசிபி உள்ள வீட்டில் அது டிரிப் ஆகும். அதுவும் எர்த் இருப்பதற்கு அடையாளமே.

மதுரைப் பக்கம் சித்திரை வெயிலில் மண் காய்ந்து போவதால், நன்றாக இருந்த எர்த்தும் பலவீனமாகும். கோடையில் எர்த் குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள்.

செய்யவே கூடாதவை

- எர்த் பின்னை உடைப்பது, டூ-பின் அடாப்டரில் மாட்டுவது.
- எர்த் இல்லையென்று சாக்கெட்டிலேயே நியூட்ரலை எர்த்தோடு இணைப்பது. நியூட்ரல் எங்காவது அறுந்தால் கேபினெட் முழுவதும் மின்சாரம் பாயும்.

யூபிஎஸ் வாங்கிவிட்டால் எர்த் தேவையில்லை என்று நினைக்காதீர்கள். யூபிஎஸ்-க்கும் அதே எர்த்தான் வேண்டும்.