கழுகா, பருந்தா, கருடனா?

ஓசூர் பஸ் நிலையத்தில் இறங்கியதும் ஒரு நிமிஷம் அண்ணாந்து பாருங்கள். சந்திரசூடேசுவரர் மலைக்கு மேலே ஆகாயத்தில் பெரிய பட்சிகள் வட்டமிடுவது தெரியும். "அதோ, கழுகு!" என்பார் பக்கத்தில் நிற்பவர். "இல்லையப்பா, கருடன்!" என்று கன்னத்தில் போட்டுக் கொள்வாள் ஒரு பாட்டி. யார் சொல்வது சரி?

வாலைக் கவனியுங்கள். நடுவில் மீன் வாலைப் போல் பிளவு இருந்தால் அது கரும்பருந்து. வால் நுனி வளைந்து, தலையும் மார்பும் வெளுத்து, உடம்பு செம்மண் நிறமாக இருந்தால் செம்பருந்து. பாட்டி கும்பிடும் கருடன் இதுதான்.

பிணந்தின்னிக் கழுகு என்கிறோமே, அது வேறு ஜாதி. தலையிலும் கழுத்திலும் இறகு அநேகமாக இராது; வால் குட்டை. சிறகை விரித்தால் 6 அடிக்கு மேல் இருக்கும். செத்த பிராணிகளைத் தின்று ஊரைச் சுத்தம் செய்வது அதன் உத்தியோகம்.

ஓசூர் மும்மொழி பேசும் ஊர் அல்லவா? தெலுங்கர்கள் பருந்தைக் 'கத்த' என்றும், இதை 'ராபந்து' என்றும் பிரித்துச் சொல்வார்கள். கன்னடத்தில் பருந்து 'ஹத்து'. இது 'ரணஹத்து', அதாவது போர்க்களத்துப் பருந்து! தமிழிலும் பாறு, எருவை என்று பழைய பெயர்கள் உண்டு. நாம்தான் அவற்றை மறந்து, எல்லாவற்றையும் கழுகு என்று ஒரே மூட்டையில் கட்டிவிட்டோம்.

அதனால் என்ன குடி முழுகிவிட்டது என்கிறீர்களா? பாறுகளின் குடி முழுகித்தான் போயிற்று! 1990-களில் அவை இந்தியாவெங்கும் கூட்டங்கூட்டமாக மடிந்தன. வெண்முதுகுப் பாறு நூற்றுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. பருந்துகள் பறந்து கொண்டிருந்ததால், "கழுகுதான் இருக்கிறதே!" என்று பலர் இருந்துவிட்டார்கள்.

காரணம் 2004-ல் வெளிப்பட்டது. மாட்டின் வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி மருந்துதான் எமன். அந்த மாடு இறந்து, அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் கெட்டு உயிர் போயிற்று. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைச் சர்க்கார் தடை செய்தது. மனிதருக்கான பெரிய புட்டிகளைச் சிலர் மாட்டுக்குத் திருப்பவே, 2015-ல் புட்டியின் அளவு 3 மில்லியாகக் குறைக்கப்பட்டது. 2023-ல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் மருந்துகளுக்கும் கால்நடைகளுக்குத் தடை வந்தது.

எல்லை தாண்டிப் பெங்களூர்–மைசூர் சாலையில் போனால் ராமநகரம் வரும். 'ஷோலே' படம் பிடித்த பாறைகள் இருக்கின்றனவே, அதே ஊர்தான். அங்கே ராமதேவர பெட்டாவில் 2012-ல் பாறுகளுக்கென்றே ஒரு சரணாலயம் ஏற்பட்டது. நம் பக்கத்தில் நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கு அவற்றின் முக்கியப் புகலிடம்.

வீட்டில் மாடு இருக்கிறதா? வலிக்கு ஊசி போட வரும் டாக்டரிடம், பாறுகளுக்குத் தீங்கில்லாத மெலாக்சிகம் போடும்படி கேளுங்கள். குழந்தை ஆகாயத்தைக் காட்டி, "அது என்ன?" என்று கேட்டால் பருந்தைப் பருந்து என்றே சொல்லுங்கள். "அப்படியானால் பாறு எங்கே?" என்று அது அடுத்த கேள்வி கேட்கும். கேட்கட்டுமே!