ஜாக்கிக்கும் நிற்க இடம் வேண்டும்!

தக்க நெம்புகோலும் நிற்க ஓர் இடமும் கிடைத்தால் பூமியையே அசைத்துக் காட்டுவதாகக் கிரேக்க மேதை ஆர்க்கிமிடீஸ் சொன்னாராம். நெம்புகோலோடு நிறுத்திவிடாமல் நிற்கவும் இடம் கேட்டார் பாருங்கள், அதுதான் மேதைத்தனம்! ஜாக்கி வாங்கக் கடைக்குப் போகிறவர்களில் பலர் மறந்துவிடுவது அந்த இரண்டாவது விஷயத்தைத்தான்.

சென்னைக்கு வடக்கே, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருட்டாலைகளும் வார்ப்படச் சாலைகளும் இயங்குகின்றன. ஆலைக்குள்ளே சிமெண்டுத் தளம். தலைக்கு மேலே கிரேன். அங்கே பாரம் தூக்குவது பெரிய காரியமல்ல. லாரியிலிருந்து இறங்கிய யந்திரம் வெளியே வெறும் மண்ணில் நிற்கும்போதுதான் சங்கடம் ஆரம்பமாகிறது. ஏரிகளும் நெல் வயல்களும் நிறைந்த திருவள்ளூர் மாவட்டத்தில், ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் களிமண் நிலம் எப்படிக் குழைந்துவிடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஹைட்ராலிக் ஜாக்கியின் பலம் எண்ணெயில் இருக்கிறது. 1851-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் டட்ஜன் என்பவர் அதற்கு உரிமை பெற்றார். சிறிய பிஸ்டனில் கொடுக்கும் விசை எண்ணெய் வழியாகப் பெரிய பிஸ்டனுக்குப் போய்ப் பன்மடங்காகப் பெருகுகிறது. ஒரே ஆள் கைப்பிடியை அடித்துப் பத்து டன்னைத் தூக்கிவிடலாம். ஆனால் அந்தப் பத்து டன்னும் கடைசியில் எங்கே இறங்குகிறது? ஜாக்கியின் அடித்தட்டு வழியாக மண்ணில்தான்!

ஒரு சிறிய கணக்குப் போடுவோம். அடித்தட்டு 15 சென்டிமீட்டர் சதுரம் என்றால் பரப்பு 225 சதுர சென்டிமீட்டர். பத்து டன்னை அதில் ஏற்றினால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் சுமார் 44 கிலோ. ஈரக் களிமண்ணோ ஒரு கிலோ தாங்குவதே சிரமம். ஆகவே அதே பாரத்தைக் குறைந்தது ஒரு மீட்டர் சதுரத்துக்குப் பரப்பியாக வேண்டும். மெல்லிய தகடு வளைந்துவிடும், பயன்படாது. ரயில் ஸ்லீப்பர் போன்ற கனத்த கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அதன் நடுவில் ஜாக்கியை வைப்பதே முறை.

இனி, எந்த ஜாக்கி? முதலில் யந்திரத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். பாட்டில் ஜாக்கி உறுதியானது. ஆனால் உயரமானது, தாழ்ந்த யந்திரத்தின் அடியில் நுழையாது. அங்கே பக்கவாட்டில் நாக்கு நீண்ட டோ ஜாக்கி உதவும். ஆயினும் பல மாதிரிகளில் நாக்கு தாங்கும் பாரம் தலை தாங்குவதைவிடக் குறைவு என்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்குரூ ஜாக்கியைச் சுற்றுவதற்கு உழைப்பு அதிகம். எனினும் எண்ணெய் கசிந்து இறங்கும் பயம் அதில் இல்லை. சக்கரம் வைத்த டிராலி ஜாக்கி மண்தரைக்கு ஆகாது. தூக்கும்போது அது சற்று உருண்டு நகர வேண்டும். சக்கரம் மண்ணில் புதைந்தால் பாரத்தையே பக்கவாட்டில் இழுத்துவிடும். வசதியுள்ளவர்கள் பம்பு தனியாகவும் குழாய் நீளமாகவும் உள்ள ஜாக்கி வாங்கலாம். பம்பு அடிப்பவர் எட்டி நிற்கலாம் அல்லவா?

நான்கு மூலையிலும் ஜாக்கி வைத்தால் ஆளுக்குக் கால் பங்கு என்று நினைப்பதும் தவறு. ஒரு ஜாக்கி மண்ணில் சற்று இறங்கினாலும் பாரம் மற்றவற்றின்மேல் சாயும். எனவே கணக்குக்கு மேலாகச் சக்தியுள்ள ஜாக்கியையே வாங்க வேண்டும். ஒரு முனையைச் சிறிது தூக்கிக் கட்டை கொடுத்துவிட்டு மறுமுனைக்குப் போக வேண்டும்.

2024 அக்டோபர் 11-ந் தேதி இரவு, பக்கத்துக் கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ் சரக்கு ரயிலில் மோதித் தடம் புரண்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய இடங்களுக்கு விரையும் ரயில்வே நிவாரண ரயில்கள் ஜாக்கிகளோடு மரக்கட்டைகளையும் ஏற்றிச் செல்வது வழக்கம். அனுபவம் தந்த ஏற்பாடு அது!

ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்குக் கட்டை. ஜாக்கியை மட்டும் நம்பி யந்திரத்தின் அடியில் யாரும் கை நீட்டலாகாது. ஊர்விட்டு ஊர் வந்து நாள் கூலிக்கு உழைப்பவரின் கையாக அது இருக்கலாம். நசுங்கிய யந்திரத்தைப் பழுது பார்க்கலாம். போன கையை எந்தப் பட்டறையில் செய்வது? ஆகவே ஜாக்கிக்குப் பணம் எடுத்து வைக்கும் முதலாளிகள் கட்டைக்கும் சேர்த்தே எடுத்து வைக்கட்டும்.