பள்ளி மேடையில் பறை: பரிசுக்கு அப்பால்

தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய கலைத் திருவிழா, அரசுப் பள்ளி மாணவர்களின் நாடகத்திற்கும் இசைக்கும் மாநில அளவிலான மேடையை அளித்தது. மாநில அளவில் வெல்வோர்க்குக் கலையரசன், கலையரசி விருதுகள் வழங்கப்படுகின்றன. எனினும், பள்ளி மேடைக்குப் பறை வரும்போது அதன் வரலாறும் உடன் வருகிறது.

ஊர்ச் சாவுக்குப் பறையடிப்பது தலித் ஆண்கள்மீது சுமத்தப்பட்ட சாதிக் கடமை. அதை மறுத்தோர் வன்முறைக்கும் ஊர்விலக்குக்கும் ஆளாகியுள்ளனர். பெண்கள் பறையை இசைக்கும் வழக்கமே இருக்கவில்லை. திண்டுக்கல் சக்தி கலைக்குழு இவ்விரு நிலைகளையும் ஒருங்கே எதிர்கொண்டது. தலித் இளம்பெண்களுக்குப் பறையாட்டத்தோடு தலைமைப் பயிற்சியும் அளித்தது. அமெரிக்க இசையியலாளர் சோயி ஷெரினியன் இக்குழுவை ஆவணப்படமாக்கியுள்ளார்.

கருவி மாறவில்லை, மாறியது, இசைப்பதற்கும் மறுப்பதற்குமான உரிமை. பள்ளிகள் கற்க வேண்டியது இதையே. சேரிப் பிள்ளைகள் கையில் மட்டும் பறையைக் கொடுத்துவிட்டு மற்றவர்களைக் கைதட்ட வைத்தால், ஊரின் பிரிவினையே மேடையிலும் தொடரும். எல்லாச் சாதி மாணவரும் பறை கற்க வேண்டும். அதைக் கற்பிக்கும் கலைஞர் ஊதியம் பெறும் ஆசிரியராக வகுப்பறைக்குள் வர வேண்டும்.